நல்ல டொக்டரும் 'துரோகி'யும்
பீற்றர் லொறேயின் 'தொலைந்தவன்' திரைப்படம் குறித்துச் சில குறிப்புகள்

கொலையாளி ஒருவனை எமக்குப் பிடித்துப்போகச் செய்வது சினிமாவுக்குப் பெரிய வேலையல்ல. களையான முகமுள்ள ஒரு நடிகர், சின்ன வயதில் பட்ட ஒரு துயரம், கையில் ஒரு கிற்றார். இவ்வளவும் போதும். அவன் எத்தனை பேரைக் கொன்றான் என்பதைப் படம் முடிவதற்குள் நாம் மறந்துவிடுவோம். எம்மவர்களுக்கு இது புதிதல்ல. பாலு மகேந்திராவின் 'மூடுபனி'யை நினைத்துக் கொள்வோம்.

1980 தீபாவளிக்கு வெளிவந்த படம் அது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, புனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்று, தென்னிந்திய சினிமாவுக்கு இயற்கை ஒளியைக் கொண்டு வந்தவர்களில் ஒருவரான பாலு மகேந்திராவை 'எங்கட ஆள்' என்று சொல்லிக் கொள்வதில் எமக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' என்ற நாவலைத் தழுவிய இப்படம் இளையராஜாவுக்கு நூறாவது படம். பெங்களூரில் வசிக்கும் பணக்கார இளைஞன் சந்துரு (பிரதாப் போத்தன்). பாலியல் தொழில் செய்யும் பெண்களைத் தேடிக் கொல்கிறான். அப்படிப்பட்ட ஒரு பெண்ணோடு தொடர்பு வைத்திருந்த தகப்பன், தாயைப் படுத்திய பாட்டைச் சிறுவனாக இருந்தபோது பார்த்தவன் அவன். பிறகு ரேகாவை (ஷோபா) விரும்புகிறான். அவளைக் கடத்திக்கொண்டு போய் ஊட்டியில் வைத்திருக்கிறான். அங்கே கிற்றாரோடு ஜேசுதாசின் குரலில் அவன் பாடும் பாட்டை எமது கலியாண வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் இன்றைக்கும் யாராவது ஒருவர் பாடாமல் விடுவதில்லை. ஒரு பெண்ணை அடைத்து வைத்திருப்பவன் அவளுக்குப் பாடும் பாட்டு அது என்பது பாடுபவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் நினைவில் இருப்பதில்லை.

'மூடுபனி' அமைதியான படம், அவசரப்படாத படம். அதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அமைதி முழுவதும் யாருக்குச் செலவிடப்படுகிறது? சந்துருவின் தனிமைக்கும் அவனது தாயின் நினைவுக்கும். கொல்லப்பட்ட பெண்களுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. அவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்பது எமக்கு நினைவிருக்கிறது. பெயர்கள் நினைவில் இல்லை. படம் வெளிவரும்போது ஷோபாவும் உயிரோடு இல்லை. 1980 மே 1ஆம் திகதி, பதினேழு வயதில் அவர் இறந்துபோனார். இன்று பாலு மகேந்திராவும் (2014) பிரதாப் போத்தனும் (2022) போய்விட்டார்கள். பாட்டு மட்டும் இருக்கிறது.

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, நாம் தஞ்சம் கேட்டு வந்த இந்த ஜேர்மனியில் 1951 இல் எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பற்றிக் கதைக்க விரும்புகிறோம். பெயர் 'டெயர் ஃபெர்லோறெனெ'. தமிழில் 'தொலைந்தவன்' எனலாம். இதுவும் அமைதியானது, மெதுவானது. இதன் கொலையாளியையும் எமக்குப் பிடித்துப் போகிறது. ஆனால் பிடித்துப் போனதற்காக இப்படம் எம்மைச் சும்மா விடுவதில்லை. இன்னொன்றும் உண்டு: இக்கதை தொடங்குவதும் முடிவதும் ஓர் அகதி முகாமில்.

*

படத்தை இயக்கி, கதை வசனத்தில் பங்கெடுத்து, முக்கிய பாத்திரத்தில் நடித்தவர் பீற்றர் லொறே. 1904 இல் அன்றைய ஹங்கேரியில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931) படத்தில் குழந்தைகளைக் கொல்பவனாக நடித்துப் பெரும் புகழ் பெற்றார். 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பேர்லினை விட்டு வெளியேறினார். வியன்னா, பாரிஸ், லண்டன், அதன் பிறகு ஹொலிவூட். எமக்குப் பழக்கமான மாதிரியான பாதைதான்.

ஹொலிவூட் அவருக்குக் கொடுத்தது என்ன? உருண்டைக் கண்ணும் மெல்லிய குரலும் கொண்ட அந்நியன் வேடங்கள். புகழ்பெற்ற 'கசபிளாங்கா' (1942) படத்தில் அவர் உகார்ட்டே என்ற சிறு பாத்திரத்தில் வருகிறார். இரண்டு ஜேர்மன் தூதர்களைக் கொன்று பறித்த பயணப் பத்திரங்களை அகதிகளுக்கு விற்கப் பார்ப்பவன். எமது மொழியில் சொன்னால் ஒரு 'ஏஜென்சிக்காரர்'. இதே காலத்தில் இங்கே நாஸிகள் அவருக்கு வேறொரு வேடம் கொடுத்தார்கள். 1940 இல் வெளியிட்ட 'நித்திய யூதன்' என்ற பிரசாரப் படத்தில் 'எம்' படத்தின் ஒரு துண்டை வெட்டி ஒட்டினார்கள். நடிகன் ஏற்ற பாத்திரத்தையே அவனது இனத்துக்கு எதிரான சாட்சியாக்கினார்கள்.

போர் முடிந்த சில ஆண்டுகளில் லொறே ஜேர்மனிக்குத் திரும்பி வந்து இப்படத்தை எடுத்தார். அவர் இயக்கிய ஒரே படம் இதுதான். சனம் பார்க்கவில்லை. மனமுடைந்து திரும்ப அமெரிக்கா போனவர் 1964 இல் அங்கேயே இறந்தார். திரும்பி வந்த ஓர் அகதி கொண்டுவந்த கதை ஊராருக்குப் பிடிக்கவில்லை என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

*

கதை இது. போருக்குப் பின்னான ஓர் அகதி முகாம். அங்கே வைத்தியராக இருப்பவர் டொக்டர் நொய்மைஸ்ரர். வரிசையில் வருபவர்களுக்குத் தடுப்பூசி போடுகிறார். மெதுவாகப் பேசுவார். ஓயாமல் சிகரெட் பிடிப்பார். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். ஒருநாள் அவருக்கு உதவியாளாக ஒருவன் வந்து சேர்கிறான். இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு கொள்கிறார்கள். இருவரது பெயர்களும் பொய். வைத்தியரின் உண்மைப் பெயர் கார்ள் றோத்த. வந்தவன் ஹேஷ், றோத்தவின் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டே அவரை வேவு பார்த்தவன். இரவு முகாமின் உணவுச்சாலையில் இருவரும் இருந்து குடிக்கிறார்கள். பழைய கதை வெளிவருகிறது.

1943, ஹம்பேர்க். றோத்த அரசாங்கத்துக்கு வேண்டிய ஆய்வு ஒன்றைச் செய்து கொண்டிருந்த விஞ்ஞானி. வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பெண்மணியின் மகள் இங்கே அவரது காதலி. ஆய்வு முடிவுகள் எதிரி நாட்டுக்குப் போவதாக உளவுத்துறை கண்டுபிடிக்கிறது. கொடுத்தது இங்கே. அது மட்டுமல்ல, ஹேஷோடும் அவளுக்குத் தொடர்பு. இதை றோத்தவுக்குச் சொல்கிறார்கள். அன்றிரவு அவர் அவளைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறார்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் படத்தின் மையம். றோத்த தண்டனையை எதிர்பார்த்திருக்கிறார். தண்டனை வரவில்லை. அவரது மூளை அரசுக்குத் தேவை. அவள் நாட்டைக் காட்டிக் கொடுத்தவள். ஆகவே நடந்தது கொலையல்ல. ஹேஷும் அவனது மேலதிகாரியும் அதைத் தற்கொலை என்று பதிந்து கோப்பை மூடி விடுகிறார்கள். அடுத்த நாள் றோத்த வேலைக்குப் போகலாம். போகிறார். தாய் மகளைத் தற்கொலைக்குக் கொடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டு கறுப்பு உடுப்போடு அதே வீட்டில் நடமாடுகிறாள். கொன்றவனையும் அதே வீட்டில் வைத்துப் பராமரிக்கிறாள்.

அதன் பின் றோத்தவால் நிறுத்த முடியவில்லை. தெருவில் சந்தித்த ஒரு பாலியல் தொழிலாளி அவரது கண்ணைப் பார்த்தே விஷயத்தை விளங்கிக் கொண்டு கூச்சலிட்டுத் தப்பிக் கொள்கிறாள். புகையிரதத்தில் சந்தித்த பெண்ணுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. விமானத் தாக்குதல் எச்சரிக்கைக்கு எல்லோரும் இறங்கி ஓட, அவள் மட்டும் அவரோடு பெட்டியில் தங்கி விடுகிறாள். இங்கேயின் அறைக்கு வாடகைக்கு வந்த இளம் பெண்ணைத் தானே கொன்றுவிடுவேனோ என்ற பயத்தில் வீட்டை விட்டே ஓடுகிறார்.

முகாமில் விடியப் போகிறது. றோத்த ஹேஷைச் சுட்டுக் கொல்கிறார். வெளியே நடந்துபோய்த் தண்டவாளத்தில் நிற்கிறார். புகையிரதம் வருகிறது.

*

கார்ஹிங்கில் சில நண்பர்கள் கூடி இப்படத்தைப் பார்த்தோம். படம் முடிந்தபின் நீண்ட நேரம் கதைத்தோம். ஒரு நண்பருக்குப் படம் சரியான 'ஸ்லோ'. "ஒரு ஆள் சிகரெட் பத்த வைக்கிறதை எத்தனை தரம் பாக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. லொறே நடப்பதும் நிற்பதும் புகைப்பதும் படத்தில் நிறைய இடம் எடுக்கின்றன. கொலைகளில் படம் தங்குவதில்லை. கொலைக்குப் பிறகு வரும் நேரத்திலேயே தங்குகிறது. கொன்றவன் கோப்பி குடிக்கிறான். கொன்றவன் வேலைக்குப் போகிறான். கொன்றவனுக்கு யாரோ இருக்கை கொடுக்கிறார்கள். வேகமான படம் என்றால் இவையெல்லாம் வெட்டப்பட்டிருக்கும். கொலை ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகான சாதாரண நாட்கள்தான் நீளமானவை என்று இப்படத்தின் மெதுவான நடை சொல்கிறது.

நாம் வாழும் இந்த ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்ஹிங் ஆய்வுகூடங்களின் ஊர். 1957 இல் இங்கே அணு ஆய்வு உலை ஒன்று கட்டப்பட்டது. முட்டை வடிவக் கூரை கொண்ட அந்தக் கட்டடத்தை ஊரே 'அணு முட்டை' என்கிறது. நகரசபையின் சின்னத்திலும் அது இருக்கிறது. எம்மவர்கள் சிலர் இந்த நிறுவனங்களில் துப்புரவு வேலையிலும் சமையலறையிலும் தொடங்கினார்கள். அவர்களது பிள்ளைகள் சிலர் இன்று அங்கேயே படிக்கிறார்கள். ஆய்வாளர்கள் பொதுவாக மரியாதையான மனிதர்கள். 'குற்றன் மோர்கன்' சொல்லாமல் போகமாட்டார்கள். றோத்தவும் அப்படித்தான். தான் கண்டுபிடிப்பது எங்கே போகிறது, யாருக்குப் போகிறது என்று அவர் கேட்டதேயில்லை.

இங்கிருந்து மேற்கே அதிக தூரமில்லை, டாஹவ். அங்கிருந்த வதைமுகாமில் கிளவுஸ் ஷில்லிங் என்ற பேராசிரியர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு மலேரியாவை ஏற்றிப் பரிசோதனை செய்தார். மருத்துவ மேதை றொபேர்ட் கொஹ்ஹின் கீழ் பணிபுரிந்தவர். வெப்பமண்டல நோய்களில் பெயர் பெற்ற முதியவர். போரின் பின் விசாரணையில் நின்றபோதும், தனது ஆய்வை முடித்து எழுத அவகாசம் தரும்படிதான் அவர் கேட்டார். 1946 இல் தூக்கிலிடப்பட்டார். லொறேயின் றோத்த கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் மென்மையாகப் பேசும், வேலையில் பக்தியுள்ள, கொலை செய்யும் டொக்டர் இந்த மண்ணில் கற்பனையாக இருக்கவில்லை.

அப்படியானால் சனம் ஏன் இப்படத்தைப் பார்க்கவில்லை? அதே 1951 இல் ஜேர்மனியில் பெரும் வெற்றி பெற்ற படங்களில் ஒன்று 'பசுமையான புல்வெளி' என்று தமிழில் சொல்லக்கூடிய 'குறூன் இஸ்ற் டி ஹைட'. அதிலும் அகதி உண்டு. கிழக்கே இருந்த நிலபுலத்தை இழந்து வந்த ஒருவர் கள்ளமாக வேட்டையாடித் திரிகிறார். மகள் கவலைப்படுகிறாள். மான்கள் வருகின்றன, பாட்டுகள் வருகின்றன, எல்லாம் நல்லபடி முடிகிறது. ஊரை இழந்த துயரம் அங்கே இருக்கிறது. ஊரை இழப்பதற்கு முன்னர் தாம் என்ன செய்தோம் என்ற கேள்வி இல்லை. இதைப் படித்து ஜேர்மனியரைப் பார்த்துச் சிரிக்க முதல், எமது வீடியோக் கடைகளிலிருந்து நாம் காவிக்கொண்டு வந்த கொப்பிகளையும் நினைத்துக் கொள்வது நல்லது.

*

'மூடுபனி'க்கும் 'தொலைந்தவ'னுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இப்போது தெளிவாகும். சந்துரு ஏன் தொடர்ந்து கொல்கிறான் என்ற கேள்விக்குப் படம் தரும் பதில் பால்ய காலம். றோத்த ஏன் தொடர்ந்து கொல்கிறார் என்பதற்கு லொறே பால்ய காலத்தைத் தேடிப் போகவில்லை. முதல் கொலை மன்னிக்கப்பட்டதுதான் காரணம் என்கிறார். கொன்றவன் தன்னைக் குற்றவாளியாக உணர்ந்து நிற்கிறான். அதிகாரம் வந்து, இல்லை, அவள் துரோகி, நீ குற்றவாளியல்ல என்று சொல்லிவிட்டுப் போகிறது. அந்த ஒரு சொல்லோடு கொலைக்கு முன்னிருந்த உலகத்துக்கும் பின்னிருக்கும் உலகத்துக்கும் இடையில் இருந்த வேலி விழுந்து விடுகிறது. தொடர்கொலையாளியை உருவாக்குவது நோய் மட்டுமல்ல, மன்னிப்பும்தான் என்ற இந்த வாதத்தை வேறு எந்தப் படத்திலும் இவ்வளவு தெளிவாக நாம் காணவில்லை.

துரோகி. இந்தச் சொல்லை எமக்கு மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை.

எண்பதுகளில் மின்கம்பங்களில் கட்டப்பட்டிருந்த உடல்களின் கழுத்தில் ஒரு மட்டை தொங்கியது. ஊர் அந்த மட்டையை வாசித்தது. அதில் எழுதப்பட்டிருந்தது 'துரோகி'யாகவோ 'சமூக விரோதி'யாகவோ இருக்கும். வாசித்தவர்களில் பலர், அப்படியென்றால் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த ஒரு சொல் விசாரணையாகவும் தீர்ப்பாகவும் மரண அறிவித்தலாகவும் இருந்தது. கட்டியவர்கள் யார்? பூதங்களல்ல. எமது பெடியள். தாய்மாருக்குத் தண்ணி அள்ளிக் கொடுத்தவர்கள், நன்றாகப் படித்தவர்கள், நன்றாகப் பாடியவர்கள். அவர்களுக்கு ஒரு கடந்த காலம் இருந்தது. எரிந்த நூலகம், எரிந்த கடைகள், 1983 ஜூலை, இராணுவத்தின் சுற்றிவளைப்பு. இவையெல்லாம் உண்மை. அவர்களை ஆயுதத்துக்குத் தள்ளிய அரசின் குற்றம் இதனால் ஒரு துளியும் குறையாது. 'மூடுபனி' சந்துருவின் தாய்க்கு நடந்ததும் உண்மைதான். ஆனால் அந்த உண்மை பெங்களூரில் செத்துக் கிடந்த பெண்ணைக் கொன்றது சரி என்று ஆக்குமா?

எமது கூட்டத்தில் இந்த இடத்தில் வாக்குவாதம் சூடானது. ஒரு நண்பர் சொன்னார்: "நாஸிகளையும் எங்களையும் ஒரே தராசிலை வைக்கிறியள். அவங்கள் அடக்கினவங்கள், நாங்கள் அடக்கப்பட்டவர்கள்." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அடக்கியவனையும் அடக்கப்பட்டவனையும் ஒன்றாக்குவது எமது நோக்கமல்ல. அப்படி ஒன்றாக்கினால் வரலாறு என்று ஒன்று மிஞ்சாது. ஆனால் இங்கே நாம் ஒப்பிடுவது அரசுகளையோ இலட்சியங்களையோ அல்ல. ஒரு சொல் வேலை செய்யும் விதத்தை. 'அவள் காட்டிக் கொடுத்தவள்' என்ற வசனம், அதைச் சொல்பவர் யாராக இருந்தாலும், கேட்பவனின் கைக்கு ஒரே அனுமதியைத்தான் கொடுக்கிறது.

அந்த அகதி முகாமைத் திரும்ப ஒருமுறை பார்ப்போம். தடுப்பூசிக்காக வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் இழந்தவர்கள். ஊசி போடுபவரும் இழந்தவர்தான். யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. முகாமில் எல்லோருக்கும் ஒரே போர்வை. நாமும் ஹைம்களில் இருந்து வந்தவர்கள். அசூல் விசாரணையில் (அன்ஹோறுங்) எமக்கு என்ன நடந்தது என்று சொல்லப் பழகினோம். மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிச் சொல்லி அந்தக் கதை மனப்பாடமாகி, பிறகு பிள்ளைகளுக்கும் சொல்லப்பட்டது. எம்மால் என்ன நடந்தது, எமது கண்முன்னே நாம் பேசாமல் இருக்க என்ன நடந்தது என்பது அந்தக் கதையில் வராது. வந்தால் வழக்கு நிராகரிக்கப்பட்டுவிடும் என்ற பயம் அப்போது இருந்தது. விசா கிடைத்து, பலருக்குப் பிரஜாவுரிமையும் கிடைத்த பின்னரும் அந்தக் கதை மாறவில்லை. றோத்த போன்ற 'நல்ல மனிசர்' எம்மிடையேயும் இருக்கக்கூடும். அவர் உங்களுக்குப் படிவம் நிரப்பித் தந்தவராக இருக்கலாம். நல்லவர் என்பது பொய்யல்ல. அதுதான் சிக்கல்.

*

இப்படத்தில் எமக்கு உடன்பாடில்லாத இடங்களும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது விமர்சனமாகாது.

முதலாவது, பெண்கள். இங்கே ஏன் ஆய்வு முடிவுகளை வெளியே கொடுத்தாள்? ஹிட்லரின் அரசுக்கு எதிராக ஒருத்தி செய்யக்கூடிய நல்ல காரியமாகவும் அது இருந்திருக்கலாமல்லவா? படம் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. அவளைக் காதலனை ஏமாற்றியவளாகக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. அரசு அவளைத் துரோகி என்றது. படம் அவளை வேறு வகையில் துரோகி என்கிறது. புகையிரதத்தில் செத்த பெண்ணோ கொஞ்சம் வாயாடி என்பதற்கு மேல் எமக்குத் தெரிய வருவதில்லை. றோத்தவின் வேதனைக்கு எத்தனையோ சிகரெட்டுகள். செத்தவர்களுக்குச் சில நிமிடங்கள்.

லொறேயே நடித்த 'எம்' படத்தில் இப்படியில்லை. அங்கே எல்ஸி என்ற சிறுமி கொல்லப்படுகிறாள். லாங் முதலில் காட்டுவது கொலையாளியை அல்ல, எல்ஸியின் தாயை. மேசையில் கோப்பை வைத்து மகளுக்காகக் காத்திருக்கிறாள். நேரம் போகிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வெறுமையான மாடிப்படி, உடுப்புக் காயும் மேல்தளம், யாரும் இருக்காத கதிரை. பிறகு புல்லில் உருண்டு வரும் பந்து, மின்கம்பியில் சிக்கிய பலூன். அதற்குப் பிறகுதான் நாம் கொலையாளியின் முகத்தை அறிகிறோம். கடைசியில் அவன் தன்னால் அடக்க முடியாத அவஸ்தையைச் சொல்லிக் கதறும்போது எமக்கு இரக்கம் வருகிறது. அந்த இரக்கம் எல்ஸியை மறைக்காது. அந்தப் பெயர் ஏற்கெனவே எமது காதில் இருக்கிறது. கொலையாளியை எமக்குப் பிடிக்க வைப்பது தவறல்ல. எந்த ஒழுங்கில், யாரின் பெயரைச் சொன்ன பிறகு என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, முடிவு. றோத்த ஹேஷைக் கொன்று தன்னையும் மாய்த்துக் கொள்வதைப் படம் ஒரு நீதியாகவே காட்டுகிறது. எம்மில் சிலருக்கும் அது நிறைவான முடிவாகத் தெரிந்தது. எமக்கு அப்படித் தெரியவில்லை. உண்மையை அறிந்த இருவரும் ஒரே விடியலில் போய்விட்டார்கள். றோத்த இரவு முழுவதும் சொன்ன வாக்குமூலத்தைக் கேட்டவன் ஹேஷ் ஒருவன்தான்; அவனுக்கு அது முன்பே தெரியும். சொல்லப்பட வேண்டிய ஆளிடம் அது சொல்லப்படவேயில்லை. படத்தைப் பொறுத்தவரை, தனது மகள் தற்கொலை செய்து கொண்டாள் என்றே அந்தத் தாய் கடைசிவரை நம்பிக் கொண்டிருக்கிறாள். புகையிரதம் வருவதற்கு முன் றோத்தவுக்கு ஒரு கடிதம் எழுத நேரம் இருந்தது. அவர் எழுதவில்லை. லொறேயும் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

எமக்கு அந்தத் தாய்தான் படத்தின் முக்கியமான பாத்திரமாகத் தோன்றுகிறாள். 2017 இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரப் பந்தல்களில் இருந்தார்கள். அரசிடம் கேட்டார்கள், பதில் கேட்டுக் கேட்டே சிலர் இறந்தும் போனார்கள். அவர்களோடு நிற்பது எமது கடமை. ஆனால் அந்தப் பந்தலுக்கு வரமுடியாத தாய்மாரும் இருக்கிறார்கள். மகனை மின்கம்பத்தில் கண்டவர்கள், அல்லது 'விசாரிச்சுப் போட்டு விடுறம்' என்று கூட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பக் கொண்டு வந்து விடாதவர்கள். அவர்கள் யாரிடம் படத்தைத் தூக்கிக் காட்டுவது? கேட்க வேண்டிய ஆட்களில் சிலர் போரில் இறந்து விட்டார்கள். சிலர் எம்மைப் போல ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். நல்லவர்களாக, பிள்ளை குட்டியோடு. 2009 இல் போர் முடிந்தது. அந்தத் தாய்மாரின் வீட்டில் மட்டையின் எழுத்து இன்னும் அழிக்கப்படவில்லை.

இன்ன ஆள், இன்ன இடத்தில், இன்ன நாளில். அவன் துரோகியல்ல, அல்லது துரோகி என்று சொல்லித்தான் கொன்றோம். இவ்வளவையும் எழுதுவதற்கு நீதிமன்றம் தேவையில்லை. ஒரு தாளும் ஒரு முத்திரையும் போதும். வயது போய்க் கொண்டிருக்கிறது, தாய்மாருக்கும் எமக்கும்.

'தொலைந்தவன்' ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய கறுப்பு வெள்ளைப் படம். கிடைத்தால் பாருங்கள். ஜேர்மன் விளங்காத பெற்றோருக்குப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்துச் சொல்லலாம். 'துரோகி' என்ற இடம் வரும்போது பிள்ளைகள் அதற்கு அர்த்தம் கேட்பார்கள். அப்போது படத்தை நிறுத்தி வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.